திருக்கோவலூர்ப் பெயரனும் சீனத்து விருந்தும்

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26 அன்று. மேற்கே கல்வராயன் மலை. அம்மலையில் பிறந்து கீழிறங்கும் கோமுகியும் மணிமுத்தாறும். வடக்கே தென்பெண்ணைக் கரையில் திருக்கோவலூர். பழைய நடுநாட்டின் நெஞ்சுப்பகுதி என்று இதைச் சொல்லலாம். இலக்கிய அன்பர்கள் இப்பகுதியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மலையமான் திருமுடிக்காரி வருவான், கபிலர் வருவார், பாரி மகளிர் வருவர். சீனம் என்ற சொல் மட்டும் வருவதில்லை. வரவேண்டும் என்பதே நம் எண்ணம். அதற்கான காரணம் திருக்கோவலூர்க் கீழையூரில், வீரட்டானேசுவரர் கோயில் சுவரில் கல்லாகவே இருக்கிறது.

முதலாம் இராசராசனின் 27-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அது. கம்பன் விக்கியண்ணன் என்பவனின் கொடையைச் சொல்ல வந்த சாசனம். ஆனால் கொடையைச் சொல்வதற்குமுன் கவிதையாகவே நடக்கிறது. கபிலர் பாரியின் மகளை மலையர்க்குக் கொடுத்துவிட்டுப் பெண்ணையாற்றின் நடுவே தீப்புகுந்த இடமான கபிலக்கல்லை அது நினைவுகூர்கிறது. மலையமான் குலத்தில் பிறந்த வானவன் மாதேவியையும் நினைவுகூர்கிறது. சுந்தர சோழன் இறந்தபோது, பால்குடி மறவாத மகவை விட்டுவிட்டுக் கணவனோடு எரி புகுந்தவள் அவள். அந்தத் தாயின் மகன்தான் இராசராசன். சங்க காலத்துப் புலவரின் தீயும் சோழ அரசியின் தீயும் ஒரே சாசனத்தில் எரிகின்றன. இவ்விரண்டையும் அருகருகே நிறுத்தத் தோன்றிய அந்தப் பெயரறியாப் புலவனை நாம் உரியவாறு போற்றவில்லை.

ஆக, தஞ்சைப் பெருங்கோயிலை எடுத்தவன் தாய்வழியில் திருக்கோவலூர்க்காரன். தமக்கை குந்தவை அப்பெருங்கோயிலில் தன் தாய்க்குத் திருமேனி எடுப்பித்தாள் என்பதைத் தஞ்சைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. இதுவரை சொன்னவை அனைத்தும் பலரும் அறிந்தவையே. இனி ஆண்டுக் கணக்கைக் கவனியுங்கள். இராசராசன் 985-இல் பட்டமெய்தினான். 27-ஆம் ஆண்டு என்பது 1011-12. ஏறத்தாழ அதே வேளையில் சோழநாட்டிலிருந்து ஒரு கப்பல் கிழக்கு நோக்கிப் பாய் விரித்திருக்கிறது.

அந்தக் கப்பலைப் பற்றி நம் கல்வெட்டு எதிலும் ஒரு சொல்லும் இல்லை. செய்தி முழுவதும் சீனத்திலிருந்தே கிடைக்கிறது. சொங் அரசமரபின் அதிகாரமுறை வரலாறான 'சொங் ஷி', வேற்று நாடுகளைப் பற்றிய பகுதியில் 'சூ-நியென்' என்ற பெயரில் சோழநாட்டைச் சொல்கிறது. 1015-ஆம் ஆண்டு, பேரரசர் சென்சொங்கின் அவைக்கு, 'லோ-சா-லோ-சா' என்ற மன்னன் அனுப்பிய 52 பேர் வந்து சேர்ந்தனர். ஒலியைச் சற்று உரக்கச் சொல்லிப் பார்த்தால் இராசராசன் எழுந்து வருவான். தூதர் தலைவனின் பெயர் 'சோ-லி சான்-வென்' என்று பதிவாகியிருக்கிறது. சோழ சாமந்தனா, சோழ சமுத்திரனா என்றெல்லாம் ஊகிக்கலாம், ஊகமாகவே வைத்துக்கொள்வோம்.

அவர்கள் கொண்டுசென்றவை: முத்துக் கோத்த மேலாடை ஒன்று, முத்துத் தொப்பி ஒன்று, முத்து 21,100 லியாங், யானைத் தந்தம் 60, குந்துருக்கம் 60 சின். ஒரு லியாங் ஏறத்தாழ 40 கிராம் என்று கொண்டால் முத்து மட்டும் எண்ணூறு கிலோவைத் தாண்டுகிறது. தூதர்கள் தம் பங்காக மேலும் 6,600 லியாங் முத்தும், 3,300 சின் நறுமணப் பொருள்களும் அளித்தனர். சோழநாடு விட்டுக் குவாங்சௌ துறைமுகம் சேர அவர்களுக்கு 1,150 நாள் ஆயிற்றாம். இலங்கைப் பக்கம், கடாரப் பக்கம், ஸ்ரீவிசயம் என்று துறைதோறும் காற்றுக்குக் காத்து நின்ற பயணம். குவாங்சௌவிலிருந்து தலைநகரமான கைஃபெங் வரை நாட்டுக்குள் நெடுவழி வேறு. கணக்கைப் பின்னோக்கிப் போட்டால் புறப்பாடு 1011-12 வாக்கில் விழுகிறது. கோவலூரில் சிற்பி அரசனின் தாயைப் பற்றிய வரிகளைப் பொறித்துக்கொண்டிருந்தபோது, அரசனின் தூதர் கடலில் இருந்திருக்கக்கூடும்.

ஏன் அனுப்பினான்? சீன ஏடு சொல்லும் காரணம் சுவையானது. சீனத்தின் பெருமையை மன்னன் வணிகக் கப்பலோட்டிகள் வாயிலாகக் கேட்டிருந்தானாம். பத்து ஆண்டுகளாகக் கடலில் புயலும் பேரலையும் இல்லை, அப்படி இருந்தால் சீனத்தில் ஒரு மகான் ஆள்கிறான் என்று பொருள் என முதியோர் சொன்னார்களாம். இது சீன அவைக்கு இனிக்கும் விளக்கம் என்பதில் ஐயமில்லை. அதில் நாம் நம்பத்தக்கது முதல் பாதி: வணிகர்கள் சொன்னார்கள் என்பது. தூதுக்கு முன்னரே வழி இருந்தது. வழியை அறிந்தவர்கள் வணிகர்கள்.

அவையில் நடந்த சடங்கு இன்னும் சுவையானது. தூதர்கள் தட்டில் முத்தும் நீலக் கண்ணாடியும் ஏந்திப் படியேறி, பேரரசரின் இருக்கை முன் அவற்றைப் பரப்பி, இறங்கி வந்து வணங்கினர். இராசேந்திரன் காலத்தில், 1033-இல் வந்த தூதன் இதையே வேண்டிக் கேட்டுப் பெற்றான்: பலமுறை வர முயன்றும் கடற்காற்றுக் கப்பலை உடைத்துவிட்டது, ஆகவே சிறந்த முத்துகளை அரியணையின் காலடியில் தூவ இசைவு வேண்டும் என்றான். வெள்ளித் தட்டுடன் மண்டியிட்டுத் தூவினான். சீனர் இதை 'அவையில் தூவுதல்' என்று ஒரு தனிச் சொல்லாகவே குறித்துவைத்தனர். அவர்களுக்கு அது வேற்று நாட்டு வியப்பு. நமக்கோ பூத்தூவலும் அரிசி தூவலும் வீட்டு வாசலில் நடப்பவை. தெய்வத்துக்கும் மணமக்களுக்கும் செய்வதை முத்தால் செய்திருக்கிறார்கள், அவ்வளவே.

அமெரிக்க நகரங்களில் வாழும் நம்மவர் இன்று எழுதும் குறிப்புகளில் சீனப் புத்தாண்டு ஊர்வலமும் கொரியத் திரைப்பட விழாவும் சப்பானிய உணவகமும் தவறாமல் இடம்பெறுகின்றன. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் கீழையாசிய நகரமொன்றின் விழாவிலும் விருந்திலும் கலந்துகொண்ட தமிழர் என்று தேடினால், ஏட்டில் தடம் உள்ள மிகப் பழையவர்களுள் இந்த 52 பேரும் அடங்குவர். 1015-இன் இறுதியில் பேரரசரின் பிறந்தநாள் விழா வந்தது. சான்-வெனும் உடன்வந்தோரும், கைஃபெங்கின் பௌத்த மடம் ஒன்றில் துறவியரைக் கூட்டி அரசரின் நீண்ட வாழ்நாளுக்கு வேண்டுதல் செய்ய இசைவு கேட்டனர். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிசய மன்னனின் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை விட்டுக்கொடுத்த அரசனின் ஆட்கள் அல்லவா? சைவ அரசன், பௌத்த மடம் என்ற தயக்கம் அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

விருந்துக்கு வருவோம். சொங் அவையில் யாருக்கு எந்த விருந்து என்பதற்கு வரிசை உண்டு. சோழத் தூதருக்கு விருந்தும் பரிசிலும் குச்சா நாட்டுத் தூதருக்கு நிகராக அளிக்கும்படி ஆணை பிறந்தது. குச்சா நடு ஆசியப் பாலைவன ஓரத்துச் சிறிய அரசு. ஈழத்தையும் வேங்கியையும் தன் ஆணைக்குள் கொண்டுவந்த சோழன் ஒரு பாலைச்சோலை அரசனுக்குச் சமமாக அமர்த்தப்பட்டான். தட்டில் என்ன பரிமாறினார்கள் என்று ஏடு சொல்லவில்லை. இருக்கை எது என்று மட்டும் சொல்கிறது. விருந்தில் இருக்கை எது என்பது எத்துணை பெரிய செய்தி என்று நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் அமர்ந்தவர்க்கு விளக்கத் தேவையில்லை.

மறு ஆண்டு, 1016-இல், தூதர் திரும்பினர். லோ-சா-லோ-சாவுக்கு அரசாணையும் நிறைந்த பரிசில்களும் கொடுத்தனுப்பப்பட்டன. இராசராசன் 1014-இலேயே மறைந்துவிட்டான். பேரரசரும் அறியார், தூதரும் அறியார். ஆணைக்குரியவன் இல்லாமலே ஆணை கடல்மீது வந்துகொண்டிருந்தது.

இனி வருவதுதான் நம்மவர் மேடைகளில் சொல்ல விரும்பாத பகுதி. 1077-இல், குலோத்துங்கன் காலத்தில், மீண்டும் ஒரு தூது. அரசன் பெயர் 'தி-ஹுவா-சியா-லோ' என்று எழுதப்பட்டிருக்கிறது. இம்முறைப் பொருள்வரிசையில் முத்தோடு பட்டாணி, பெருங்காயம், கிராம்பு, பன்னீர், வெண்காரம், கண்ணாடிப் பாத்திரம் எல்லாம் உண்டு. அஞ்சறைப் பெட்டியைக் கவிழ்த்தது போன்ற பட்டியல். பெருங்காயம் பாரசீகப் பக்கத்துச் சரக்கு, கிராம்பு கீழைத்தீவுகளின் சரக்கு. நடுநாட்டின் கடுக்காயோ தேனோ இதில் இல்லை. தன் மண்ணில் விளையாததையும் வாங்கி விற்கும் ஒரு துறைமுக அரசின் பெட்டகம் அது. பதிலுக்குக் கிடைத்தவை: 81,800 சரம் செப்புக்காசும் 52,000 லியாங் வெள்ளியும். இதைக் கப்பம் என்று சீன ஏடு சொல்லட்டும். இவ்வளவு திரும்பி வரும் கப்பத்தை எந்த வணிகனும் மகிழ்ந்து கட்டுவான்.

ஆனால் 1079-ஆம் ஆண்டின் குவாங்சௌக் கல்வெட்டு ஒன்று, அந்நகரத் தாவோ கோயிலைப் புதுப்பிக்கப் பொருள் கொடுத்த ஸ்ரீவிசயத் தலைவனாக ஏறக்குறைய இதே பெயரைச் சொல்கிறது. ஒருவனா, இருவரா? குலோத்துங்கன் இளமையில் கடாரத்தில் இருந்தான் என்று கொள்வோர் உளர். ஸ்ரீவிசயத்தார் சீன அவையில் சோழர் பெயரைத் தம் வசதிக்குப் பயன்படுத்தினர் என்று தான்சென் சென் போன்றோர் வாதிடுகின்றனர். நமக்கு இரண்டாவது கருத்தே பொருத்தமாகத் தோன்றுகிறது. காரணம் 1106-இல் நடந்த ஒரு விவாதம். பர்மாவின் பகான் நாட்டுத் தூது வந்தபோது, சோழருக்குச் செய்தது போலவே செய்யுமாறு ஆணை வந்தது. சடங்குத் துறையினர் மறுத்தனர்: சூ-நியென், ஸ்ரீவிசயத்துக்கு அடங்கிய நாடு, அதனால்தான் முன்னர் அதற்குத் தாழ்ந்த தரத் தாளில் ஓலை எழுதினோம், பகான் பெரிய அரசு, அதை அவ்வாறு நடத்தலாகாது என்றனர்.

1025-இல் இராசேந்திரனின் படை கடல் கடந்து ஸ்ரீவிசயத்தைத் தாக்கி, அதன் மன்னனைச் சிறைபிடித்ததாகத் தஞ்சைக் கல்வெட்டு முழங்குகிறது. எண்பது ஆண்டு கழித்துச் சீன அலுவலகத்தில் சோழன் அதே ஸ்ரீவிசயத்தின் அடங்கிய சிற்றரசன். நம் மெய்க்கீர்த்தி தஞ்சையில் கல்லில் இருந்தது. படிக்க வேண்டியவர்கள் கைஃபெங்கில் இருந்தார்கள். இடையில் மொழிபெயர்த்தவன் ஸ்ரீவிசயத்தான், அல்லது அவன் துறைமுகத்தில் சரக்கு மாற்றிய வணிகன். நீலகண்ட சாத்திரியார் சீனக் குறிப்புகளைத் தம் சோழர் வரலாற்றில் எடுத்தாண்டார். நொபொரு கராசிமாவும் தான்சென் சென்னும் அக்குறிப்புகளைத் தொகுத்து மொழிபெயர்த்து 2009-இல் வெளியிட்டனர். இருந்தும் கடாரம் வென்ற பெருமிதத்தை மேடையில் கேட்கும் அளவுக்கு அந்தத் தாழ்ந்த தாளைப் பற்றிக் கேட்க முடிவதில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் இராசேந்திரன் ஏன் கப்பல் ஏற்றினான் என்பதே விளங்குகிறது. சீனத்துக்குப் போகும் வழியில் நின்று தன் பெயரைத் தானே சொல்லவிடாத ஒருவனை அவன் எதிர்கொண்டிருக்கிறான்.

சோழர் விருந்தைச் சீனர் எப்படி எழுதினர் என்பதையும் பார்த்துவிடலாம். 1225-இல் சௌ ரூ-குவா எழுதிய 'சூ ஃபான் சி' சொல்கிறது: அவ்வரசன் மது அருந்தான், ஊன் உண்பான், பருத்தி ஆடை உடுப்பான், மாவுப் பணியாரம் தின்பான். அரசவிருந்தில் அரசனும் அமைச்சர் நால்வரும் அரியணைக்கடியில் வணங்கியபின் இசையும் ஆடலும் தொடங்கும். ஆடல் மகளிர் பதினாயிரவர். நாளொன்றுக்கு 3,000 பேர் முறைவைத்துப் பணி செய்வர். இவ்வளவும் எழுதியவர் சுவான்சௌத் துறைமுகத்துச் சுங்க அதிகாரி, சோழநாட்டைக் கண்டவரல்லர். கப்பலோட்டிகள் சொன்னதைக் கேட்டு எழுதினார். அந்த மாவுப் பணியாரம் பிட்டா, அடையா, அப்பமா என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை வாசகர்களிடமே விடுகிறோம்.

அதே சுவான்சௌவில் 1281-இல் சம்பந்தப் பெருமாள் என்னும் தவச்சக்கரவர்த்தி, குப்ளாய் கானின் நலத்துக்காகத் திருக்கானீச்சுரம் என்ற சிவன் கோயிலில் திருமேனி எழுந்தருளுவித்துத் தமிழில் கல்வெட்டுப் பொறித்தார். நாகையில் 1267-இல் சீன எழுத்துடன் கூடிய கோபுரம் ஒன்று எழுந்ததாக வாங் தா-யுவான் எழுதினார். அந்நகரில் நெடுங்காலம் நின்ற பழைய செங்கற் கோபுரம் 1867-இல் இடிக்கப்பட்டது. இவற்றைப் பற்றிப் பலர் எழுதிவிட்டதால் இங்கு விரிக்கவில்லை.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கே திரும்பினால், 2023 ஏப்ரலில் தைவானின் பௌ சென் குழுமம் உளுந்தூர்பேட்டையில் காலணி ஆலை அமைக்கத் தமிழக அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டது: முதலீடு 2,302 கோடி ரூபாய், வேலைவாய்ப்பு 20,000 பேருக்கு. இம்முறை தூது அங்கிருந்து இங்கு. கல்வராயன் மலையடிவாரத்துப் பெண்கள் தைக்கும் காலணி எந்நாட்டுக் கடைகளில் விற்கும், எந்தப் பெயரைத் தாங்கி விற்கும் என்பதை ஒப்பந்தத் தாளிலிருந்து அறிய இயலாது. உளுந்தூர்பேட்டையிலிருந்து திருக்கோவலூர் நெடுந்தொலைவில்லை. தைவானிலிருந்து வருவோர் எவரேனும் ஓய்வுநாளில் கீழையூர்க் கோயிலுக்குப் போனால், லோ-சா-லோ-சாவின் தாயைப் பற்றிய வரிகள் எங்கே இருக்கின்றன என்று காட்ட அங்கே ஒரு பலகையேனும் வைக்கலாம், தமிழிலும் சீனத்திலும்.