வரைகருவியும் உடைமையுறவும்

கணனி மலிந்தமையே படவரைதலை எளியோர்க்கும் உரியதாக்கிற்று என்னும் கருத்து மறுபரிசீலனைக்குரியது.

1963 இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லண்ட் உருவாக்கிய ‘ஸ்கெச்பாட்’, ஒளிப்பேனாவால் திரையில் வரைவதைச் சாத்தியமாக்கியது. ஆயின் அது ஆய்வுகூடத்துப் பெருங்கணனியிலேயே இயங்கியது. 1982 இல் வெளியான ‘ஓட்டோகாட்’ அவ்வாற்றலைத் தனியாள் கணனிக்குக் கொணர்ந்தது. எனினும், கணனி வீட்டை அடைந்த பின்னரும் மென்பொருளின் விலையும் உரிமமும் பொழுதுபோக்காக வரைவோரை வாயிலிலேயே நிறுத்தின.

இத்தடையைத் தளர்த்தியது கூட்டுழைப்பேயாகும். 2002 இல் யூர்கன் ரீகல் தொடங்கிய ‘பிரீகாட்’ மென்பொருளின் மூலநிரலை எவரும் கற்கலாம், திருத்தலாம், பகிரலாம். தன்னார்வலர் பலரின் பங்களிப்பால் வளர்ந்த அது, 22 ஆண்டுகளின் பின்னர், 2024 நவம்பரில் 1.0 பதிப்பை எய்தியது.

ஆயினும், கணனியும் ஓய்வுநேரமும் யாவர்க்கும் கிட்டாதவரை இவ்விடுதலை முழுமையடையாது என்பதை நாம் மறத்தலாகாது.