ஆஸ்பிரினும் ஒரு மறந்த பெயரும்

தலைவலிக்கு நாம் உட்கொள்ளும் ஆஸ்பிரினின் அமைப்பு எளியது. சாலிசிலிக் அமிலத்தில் பென்சீன் வளையம் ஒன்று. அடுத்தடுத்த இரு மூலைகளில் ஒரு கார்பாக்சில் தொகுதியும் ஒரு ஹைடிராக்சில் தொகுதியும் உண்டு. அவ்வமிலம் வயிற்றைப் புண்படுத்தியது. ஹைடிராக்சிலின் ஹைட்ரஜனுக்குப் பதிலாக அசிட்டைல் தொகுதியைப் பொருத்தினால் ஆஸ்பிரின். 1897இல் பேயர் நிறுவனத்தில் அதனைத் தூய வடிவில் ஆக்கியவர் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன்.

அவர் பெயரை மட்டுமே நான் வகுப்பில் சொல்லிவந்தேன். அவ்வாய்வைத் தாமே நடத்துவித்ததாக 1949இல் எழுதினார் ஆர்தர் ஐகன்க்ரூன். யூதரான அவர் நாஜிகளின் தெரேசியன்ஷ்டாட் முகாமில் அடைபட்டிருந்தவர். வழக்கு இன்னும் தீரவில்லை.

சூத்திரத்தில் ஒரு தொகுதி விடுபட்டால் மதிப்பெண் குறைத்தேன். வரலாற்றில் ஒரு மனிதர் விடுபட்டதைக் கவனித்தேனில்லை. நீங்கள் இரு பெயரையும் எழுதுங்கள்.