உதவி பெற்ற பாடசாலைகளின் கையேற்பு: இலங்கை முஸ்லிம் கல்வி வரலாற்றில் ஒரு திருப்பம்

ஒரு பாடசாலை யாருக்குச் சொந்தமானது? அதன் செலவை ஏற்பவர் யார்? அதன் ஒழுங்குகளை வகுப்பவர் யார்? இவை மூன்றும் வெவ்வேறு வினாக்கள். பிரித்தானியர் காலத்து இலங்கையில் இவற்றுக்கு வெவ்வேறு விடைகளே இருந்தன. பாடசாலை சமய நிறுவனத்துக்குச் சொந்தமானது. செலவில் கணிசமான பகுதி அரசினுடையது. பரிசோதனையும் அங்கீகாரமும் திணைக்களத்தின் பொறுப்பு. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் நிறைவேறிய இரு சட்டங்கள் பெரும்பாலான பாடசாலைகளைப் பொறுத்தவரை மூன்று வினாக்களுக்கும் அரசு என்னும் ஒரே விடையைத் தந்தன. கத்தோலிக்கத் திருச்சபைக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலான பிணக்காகவே இவ்வரலாறு பெரிதும் நினைவுகூரப்படுகின்றது. முஸ்லிம் சமூகம் அதில் பெற்றது என்ன, இழந்தது என்ன என்பதும் ஆராயத்தக்கதாகும்.

மானிய முறையின் தோற்றம்

மோர்கன் குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டது. அதனோடு, மாணவரின் பரீட்சைப் பெறுபேற்றுக்கேற்ப தனியார் பாடசாலைகளுக்கு நன்கொடைப் பணம் வழங்கும் முறையும் நடைமுறைக்கு வந்தது. ஏட்டளவில் இவ்வுதவி எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானது. ஆயினும் கட்டடமும் ஆசிரியரும் முன்னரே உடையவர்கள் மிஷனரிமாரே. ஏற்கனவே உள்ள பாடசாலையொன்றிலிருந்து கால் மைல் தூரத்துக்குள் புதிய பாடசாலைக்கு உதவி மறுக்கும் விதியும் பின்னர் சேர்ந்தபோது, முந்தி வந்தோரின் இடம் மேலும் உறுதியாயிற்று. 1848இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையும், 1886இல் கொழும்பில் பௌத்த பிரம்மஞான சபையார் தொடங்கிப் பின்னர் ஆனந்தாக் கல்லூரியாக வளர்ந்த பாடசாலையும் மிஷனரிக் கல்விக்கு எதிர்வினையாக எழுந்தவையே.

முஸ்லிம்களின் நிலை இதனினும் இக்கட்டானது. மதமாற்ற அச்சத்தால் பெற்றோர் பிள்ளைகளை மிஷன் பாடசாலைகளுக்கு அனுப்பத் தயங்கினர். குர்ஆன் பள்ளிக்கூடத்தோடு கல்வி நிறைவுற்றது. இந்நிலையை மாற்ற முனைந்தவர் அறிஞர் சித்திலெப்பை. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழை ஆரம்பித்த அவர், 1884இல் கொழும்பில் ஒரு பாடசாலையை நிறுவினார். அது நிலைக்கவில்லை. எனினும் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883இல் இலங்கை வந்த ஒராபி பாஷாவின் ஆதரவும் வாப்பிச்சி மரைக்காரின் உழைப்பும் அவரோடு இணைந்தபோது, 1892இல் மருதானைப் பள்ளிவாசல் வளவில் ஸாஹிரா உதயமாயிற்று. 1921 முதல் டி.பி. ஜாயாவும், 1948 முதல் ஏ.எம்.ஏ. அஸீஸும் அதிபர்களாக இருந்து அதனைத் தேசிய மட்டத்துக்கு உயர்த்தினர். கம்பளை, அளுத்கம, புத்தளம் முதலிய ஊர்களில் கிளைகளும் தோன்றின.

உதவியும் அதிகாரமும்

1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் மனச்சாட்சி வாசகத்தை உள்ளடக்கியது. தம் பிள்ளைகளைப் பிற சமயப் போதனையிலிருந்து விலக்கிக்கொள்ளும் உரிமை பெற்றோருக்குக் கிடைத்தது. 1931 முதல் கல்வி அமைச்சராயிருந்த சீ.டபிள்யு.டபிள்யு. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கட்டணம் பெறாத உதவி பெறும் பாடசாலைகளின் ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்றது. ஆசிரியரை நியமிக்கும் உரிமையோ முகாமையாளரிடமே இருந்தது. பொதுப் பணத்தில் நடக்கும் பாடசாலையில் நியமனத்தைச் சமய நிறுவனம் தீர்மானிக்கலாமா என்னும் கேள்வி வலுப்பெற்றது இங்கேதான். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஒரு சமயத்தாரின் பாடசாலையில் பிற சமயத்து ஆசிரியர் இடம்பெறுவது அரிதாகவே இருந்தது.

1960 ஜூலைத் தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்தார். அவ்வாண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் உதவி பெற்ற பாடசாலைகளின் முகாமையை அரசிடம் ஒப்படைத்தது. 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் அவற்றின் ஆதனங்களையும் நட்டஈடின்றி அரசுடைமையாக்க வழிசெய்தது. ஏறத்தாழ 2,500 பாடசாலைகள் கைமாறின. உயர்தரப் பாடசாலைகளுக்கு மட்டும் ஒரு தெரிவு விடப்பட்டது: அரச உதவியும் இல்லை, கட்டணம் வாங்கவும் கூடாது என்னும் நிபந்தனையுடன் தனியாராகத் தொடரலாம். கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைக் கட்டடங்களில் குடியேறி எதிர்ப்புத் தெரிவித்தனர். 1961 ஜனவரியில் பம்பாய்க் கர்தினால் கிரேசியஸ் வந்து சமரசம் பேசிய பின்னரே கொந்தளிப்புத் தணிந்தது. யாழ்ப்பாணத்துச் சென் பற்றிக்ஸ், கொழும்புச் சென் ஜோசப் போன்றவை நிபந்தனையை ஏற்றுத் தனியாராக நின்றன. ஆனந்தாவும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் அரசிடம் சென்றன.

முஸ்லிம் சமூகத்தின் வரவும் செலவும்

இச்சட்டங்களை நிறைவேற்றிய கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத், கம்பளை ஸாஹிராவின் அதிபராக இருந்தவர் என்பது இவ்வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. 1961இல் கொழும்பு ஸாஹிராவும் அரசின் கைக்குச் சென்றது. அஸீஸ் அதிபர் பதவியிலிருந்து விலகினார்.

வரவைக் குறைத்து மதிப்பிடலாகாது. சமூகத்தின் பெரும்பாலான பிள்ளைகள் ஸாஹிராவின் வாயிலைக் கண்டதேயில்லை. கிழக்கிலும் புத்தளத்திலும் மலையகத்திலும் அவர்களுக்குக் கல்வி தந்தவை அரசாங்க முஸ்லிம் பாடசாலைகள். றமழான் விடுமுறை, மௌலவி ஆசிரியர் நியமனம் ஆகியவை அரச கட்டமைப்புக்குள்ளேயே சாத்தியமாயின. மிஷன் பாடசாலையை அஞ்சிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் தம் ஊர்ப் பாடசாலையிலிருந்தே பல்கலைக்கழகம் சென்றனர்.

செலவோ எண்ணிக்கையில் அளவிட முடியாதது. பள்ளிவாசல் வளவில், சமூகத்தின் நன்கொடையில் எழுந்த ஒரு நிறுவனத்தை நடத்தும் அனுபவம் பறிபோயிற்று. வக்ஃப் என்னும் அறக்கட்டளை முறை இஸ்லாமிய வரலாற்றில் மத்ரஸாக்களுக்குத் தனியான வருவாயைத் தந்தது. ஆட்சிகள் மாறியபோதும் அவை நிலைத்தமைக்கு அதுவே காரணம். நமது கல்லூரிகளுக்கோ அத்தகைய வருவாய் போதிய அளவில் இருக்கவில்லை. தனியாராக நிற்கும் தெரிவு வந்தபோது அதைத் தாங்கும் வலு யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லை என்பதை 1961 வெளிப்படுத்தியது. 1977இன் ஆட்சிமாற்றத்தின் பின்னர் கொழும்பு ஸாஹிரா சமூகத்திடம் மீண்டது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளை யாரும் மீட்டுத் தரவில்லை.

1961ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயக் கல்வி வயதுப் பிள்ளைகளுக்குப் புதிய தனியார் பாடசாலைகளைத் தொடங்குவதையும் தடுத்தது. 1980களுக்குப் பின் பெருகிய சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவாவது இதனாலேயே. கல்வியைச் சமயத்தாரின் கையிலிருந்து மீட்க எழுந்த சட்டம், ஈற்றில் வணிகத்துக்கு ஒரு பக்கவாயிலைத் திறந்துவிட்டது. முஸ்லிம் பெற்றோர் பலரும் இன்று அவ்வாயிலில் நிற்கின்றனர்.

கையேற்பின் பின் சமூகத்தின் நிறுவன முயற்சி வேறு திசையில் சென்றது. 1973இல் பேருவளையில் நளீம் ஹாஜியார் நிறுவிய ஜாமிஆ நளீமிய்யாவின் உருவாக்கத்தில் அஸீஸும் பங்குகொண்டார். ஸாஹிராவை இழந்தவர் தம் இறுதிக் காலத்தில் தனவந்தர் ஒருவரின் கொடையில் எழுந்த நிறுவனத்துக்குத் தோள்கொடுத்தமை தற்செயலன்று. 2019 ஏப்ரலுக்குப் பின் அரபுக் கல்லூரிகளின் ஒழுங்குமுறை பற்றிய விவாதம் எழுந்தபோது, பழைய மூன்று வினாக்களும் மீண்டும் நம் முன் நின்றன. மேற்பார்வையை மறுப்பது நியாயமுமன்று, நடைமுறையுமன்று. ஆனால் சொந்த வருவாயும் ஒழுங்கான கணக்கும் தகுதியான நிர்வாகமும் உடைய நிறுவனமே அரசுடன் சமநிலையில் அமர்ந்து பேச முடியும். 1961 இல் நம்மிடம் இல்லாதிருந்தது அதுவே.