பார்லி வீடு

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் என்றொரு சிற்றூர். அங்கே 14ஆம் நூற்றாண்டில் எழுப்பிய நெடுங்கட்டடம் ஒன்று நிற்கிறது. நீளம் 168 அடி. சுவரும் கல், கூரை வேய்ந்திருப்பதும் கல். ஊரார் அதை ‘டைத் பார்ன்’ என்கிறார்கள்.

‘பார்ன்’ பழைய ஆங்கிலச் சொல். ‘பெரெ’ என்றால் பார்லி, ‘ஆர்ன்’ என்றால் வீடு. இரண்டும் சேர்ந்து தேய்ந்து ஓரசைச் சொல்லாகிவிட்டது. ‘ஆர்ன்’ இன்று தனித்து வழங்குவதில்லை. உப்புக் காய்ச்சும் இடத்துக்கு வழங்கும் ‘சால்டர்ன்’ என்ற சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டு பிழைத்திருக்கிறது. இந்தக் கட்டடத்தைச் சுற்றியுள்ள பண்ணையின் பெயர் பார்ட்டன். ‘பார்ட்டன்’ என்பதற்கும் வேர் அதே ‘பெரெ’தான்: பார்லி முற்றம்.

நம் அகராதிகள் பார்னுக்குக் களஞ்சியம் என்று பொருள் தருகின்றன. அது போதாது. களஞ்சியத்துக்குப் போவது அடித்துத் தூற்றிய தானியம். பார்னுக்குள் போனதோ கதிர்க்கட்டு. மழை ஓயாத நாட்டில் திறந்தவெளிக் களத்தை நம்ப முடியாது. எனவே களத்தையே கூரைக்கடியில் கொண்டுவந்தார்கள். வண்டி நுழையும் உயரத்துக்கு வாசல், அதற்கு நேர் எதிரே இன்னொரு வாசல், நடுவில் அடிகளம். குளிர்காலம் முழுக்க உள்ளே கதிரடிப்பார்கள். இரு கதவையும் திறந்துவிட்டால் ஊடே வீசும் காற்று பதரைக் கொண்டுபோகும். களமும் போரும் களஞ்சியமும் ஒன்றான இடத்துக்குத் தமிழில் ஒரே சொல் இல்லாததில் வியப்பில்லை. நம் வெயிலுக்கு அது தேவைப்படவில்லை.

‘டைத்’ என்பது பத்தில் ஒன்று, அதாவது கோயிலுக்குச் செலுத்தும் தசமபாகம். இந்த அடைமொழிதான் எனக்கு உறுத்துகிறது. 1001இல் ஏதல்ரெட் மன்னர் இவ்வூரை ஷாஃப்ட்ஸ்பரி கன்னியர் மடத்துக்குக் கொடுத்தார். பார்ன், அந்த மடத்தின் பண்ணையைச் சேர்ந்தது; முதன்மையாக அங்கே வந்து சேர்ந்தது மடத்தின் சொந்த நிலத்து விளைச்சல். பெரிய கல் பார்ன் எதைக் கண்டாலும் ‘டைத் பார்ன்’ என்று சொல்லும் வழக்கம் பிற்காலத்தில் பரவியது. அந்தப் பெயரைக் கேட்பவருக்கு வரி வாங்கிய கை தெரிகிறது. உழுது, அறுத்து, புழுதிக்குள் நின்று கதிரடித்தவர்கள் தெரிவதில்லை. பார்ட்டன் பார்ன் என்பதே நேரான பெயர்.

1539இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மடம் கலைக்கப்பட்டது. கட்டடம் தனியார் பண்ணைக்குப் போய், 20ஆம் நூற்றாண்டிலும் பண்ணை வேலைக்கே உதவியது. இதற்கிடையில் ஆண்ட்ரூ மைக்கில் 1786 வாக்கில் செய்த கதிரடிக்கும் எந்திரம் பரவி, அடிகளங்களின் வேலையைப் பறித்தது. பார்ன்கள் வைக்கோலுக்கும் கருவிகளுக்கும் ஒதுங்கிடமாயின. பிராட்ஃபோர்டு பார்ன் இன்று பாதுகாக்கப்பட்ட சின்னம். பார்க்க வருபவர்களுக்குத் திறந்திருக்கிறது.

சொல்லும் நிற்கவில்லை. அமெரிக்காவுக்குப் போய் மாடும் வைக்கோலும் இருக்கும் கொட்டகையைக் குறித்தது. டிராம் வண்டிகளை நிறுத்தும் கூடமும் அங்கே ‘கார் பார்ன்’ ஆனது. பார்லி உதிர்ந்துபோய், பெரிய கட்டடம் என்ற எண்ணம் மட்டும் தங்கியது. 1942இல் பர்டூ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் இருவர் அந்த எண்ணத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அணுக்கரு ஆய்வில் யுரேனியக் கரு மிகப் பெரிய இலக்கு என்பதால், அதன் குறுக்குப்பரப்பை அளக்கும் அலகுக்கு ‘பார்ன்’ என்று பெயரிட்டார்கள். ஒரு பார்ன் என்பது 10⁻²⁸ சதுர மீட்டர்.