கா 6 கிளைடர்

கா 6 என்பது 1950களின் நடுப்பகுதியில் மேற்கு ஜெர்மனியில் உருவான, ஒருவர் மட்டுமே அமர்ந்து ஓட்டும் மரக் கிளைடர் ஆகும். கிளைடர் என்பது இயந்திரம் இல்லாமல், மேலெழும் காற்றின் துணையால் பறக்கும் வானூர்தி. ருடால்ஃப் கைசர் வடிவமைத்த கா 6-ஐ அலெக்சாண்டர் ஷ்லைஷர் நிறுவனம் தயாரித்தது. செலவைக் குறைக்க வகுக்கப்பட்ட விதிகளுக்கு உட்பட்டே உலகப் பட்டம் வெல்ல முடியும் என்பதை இது நிரூபித்தது.

பின்னணி

முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனியின் இயந்திர விமானத் துறையைக் கட்டுப்படுத்தியது. இதனால் இளைஞர்களின் ஆர்வம் கிளைடர்கள் பக்கம் திரும்பியது. 1920 முதல் வாசர்குப்ப மலையில் போட்டிகள் நடந்தன. அம்மலை அருகே போப்பன்ஹவுசனில் 1927-இல் ஷ்லைஷர் நிறுவனம் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தடைசெய்யப்பட்ட கிளைடர் பறத்தல் 1951-இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அப்போது சங்கங்களிடம் பணம் குறைவு. விலை மலிவான, பழுதுபார்க்க எளிதான கிளைடர்களே அவற்றுக்குத் தேவைப்பட்டன.

வடிவமைப்பு

தமக்கென கா 1 கிளைடரைக் கட்டிய கைசர், பின்னர் ஷ்லைஷர் நிறுவனத்தில் சேர்ந்தார். 'கா' என்பது அவர் பெயரின் முதலெழுத்துகளே. கா 6-இன் சட்டகம் ஸ்புரூஸ் மரத்தாலானது. இறக்கையின் முன்பகுதி ஒட்டுப்பலகையாலும் பின்பகுதி துணியாலும் மூடப்பட்டது.

இறக்கைக்குச் சீரடுக்கு ஓட்ட வடிவம் தேர்ந்தெடுக்கப்பட்டது. இவ்வடிவத்தில் காற்று இறக்கையை ஒட்டிக் கலங்காமல் நெடுந்தூரம் வழுக்கிச் செல்வதால் இழுவை குறையும். ஆனால் மேற்பரப்பில் சிறு மேடுபள்ளம் இருந்தாலும் இந்தப் பயன் கெட்டுவிடும். ஆகவே மரவேலையின் துல்லியமே கிளைடரின் திறனை முடிவுசெய்தது.

வளர்ச்சி

முதல் மாதிரியின் இறக்கை நீளம் சுமார் 14 மீட்டர். அக்காலத்தில் எளிமையை நோக்கமாகக் கொண்ட 'ஸ்டாண்டர்டு வகுப்பு' உருவானது. அதில் இறக்கை நீளம் 15 மீட்டரைத் தாண்டக் கூடாது. பின்விளிம்பு மடல்களுக்கும் உள்ளிழுக்கும் சக்கரத்துக்கும் இடமில்லை. இதற்கேற்ப கா 6-இன் இறக்கை 15 மீட்டராக நீட்டப்பட்டது. சறுக்குக்கட்டைக்குப் பதில் சக்கரம் பொருத்திய 'சிஆர்' வகை பெரிதும் பரவியது. அதன் சறுக்கு விகிதம் ஏறத்தாழ 29. அதாவது அசைவற்ற காற்றில் 1 கி.மீ. உயரம் இறங்குவதற்குள் சுமார் 29 கி.மீ. செல்லும்.

1958-இல் ஸ்டாண்டர்டு வகுப்பின் சிறந்த வடிவமைப்புக்கான ஓஸ்டிவ் பரிசு கா 6-க்குக் கிடைத்தது. 1960-இல் கொலோனிலும், 1963-இல் அர்ஜென்டினாவின் ஹூனினிலும் நடந்த உலகப் போட்டிகளில், ஹைன்ஸ் ஹூத் இதனை ஓட்டி அவ்வகுப்பில் வென்றார். 1965-இல் வந்த 'இ' வகையில் உடல் ஒடுக்கமானது. கிடைவால் முழுவதும் அசையும்படி அமைந்தது.

மரத்தின் எல்லை

இதற்கிடையில், 1957-இலேயே ஷ்டுட்கார்ட் மாணவர்களின் ஃபீனிக்ஸ் கண்ணாடி இழையால் ஆன முதல் கிளைடராகப் பறந்திருந்தது. அச்சில் வார்க்கப்படும் அதன் வழுவழுப்பான பரப்பை மரத்தால் எட்ட முடியவில்லை. 1968-இல் ஷ்லைஷர் நிறுவனமே ஏஎஸ்டபிள்யூ 15 என்ற கண்ணாடி இழைக் கிளைடரைப் பறக்கவிட்டது. பின்னர் ஸ்டாண்டர்டு வகுப்பு உள்ளிழுக்கும் சக்கரத்தையும் ஏற்றது. தொடக்க கால எளிமை மெல்ல விலகியது.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட கா 6 கிளைடர்கள் கட்டப்பட்டன. அவற்றுள் பல இன்றும் பறக்கின்றன. மரத்தில் ஈரம் புகாமல் காப்பதும், பசை இணைப்புகளைத் தவறாமல் சோதிப்பதும் அவற்றின் பராமரிப்பில் முதன்மையானவை. பழுதை ஒரு தேர்ந்த மரவேலைக் கைவினைஞர் சீர்செய்ய முடியும் என்பதே அவற்றின் நீண்ட ஆயுளுக்கு ஒரு காரணம்.