திருவான்மியூர்க் கால்வாயும் சரக்கு வழித் தேர்வும்

திருவான்மியூர், சம்பந்தராலும் அப்பராலும் பாடப்பெற்ற பழம்பதி. அதன் கோயிலைப் பற்றியும் கல்வெட்டுகளைப் பற்றியும் அறிஞர் பலர் எழுதியுள்ளனர். அவ்வூரின் மேற்கே வடக்குத் தெற்காகக் கிடக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. அதனைப் பற்றிக் கூறப் புகுவோரும் பெரும்பாலும் ஒரே தொடரில் அதன் வரலாற்றை முடித்துவிடுகின்றனர். 'இருப்புப்பாதை வந்தது, கால்வாய் அழிந்தது' என்பது அத்தொடர். இது திருவான்மியூர்ப் பகுதிக்குப் பொருந்துவதன்று. அடையாற்றுக்குத் தெற்கே மரக்காணம் வரையில் கடற்கரையை ஒட்டிச் சரக்கு வண்டி ஓடும் இருப்புப்பாதை என்றுமே இடப்பெற்றதில்லை. தென்னிந்திய இருப்புப்பாதை செங்கற்பட்டு, திண்டிவனம் வழியாக உள்நாட்டிலேயே சென்றது. போருக்கே வராத ஒருவனிடம் கால்வாய் தோற்றது என்றல் எங்ஙனம் பொருந்தும்? ஆதலின், சரக்கு தான் செல்லும் வழியை எவ்வாறு தேர்ந்துகொள்கிறது, ஒரு வழியை எப்பொழுது கைவிடுகிறது என்னும் வினாவை, இக்கால்வாயைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளல் வேண்டும். கடல் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர்த் தொலைவிலேயே இருக்க, அதற்கு இணையாக ஒரு நீர்வழியை வெட்டியது எதற்கு? சோழமண்டலக் கரையின் இயல்பை அறிந்தோர்க்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். திருவான்மியூர்க் கரையில் கட்டுமரம் அலையைக் கடந்துவிடும். சரக்கேற்றிய பெருந்தோணி கடக்க இயலாது. சென்னையிலேயே 1861இல் இரும்புத் தூண்களின்மேல் கடலுக்குள் நீண்ட பாலத்துறை அமையும் வரையில், கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றன. மூட்டையும் மனிதரும் மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்தே கரை சேர்ந்தனர். அப்படகுகளின் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை மோதுங்கால் நெகிழ்ந்து கொடுப்பதற்காகவே அங்ஙனம் செய்தனர். 1876இல் தொடங்கப்பெற்ற துறைமுகத்தின் சுவர்களையும் 1881 நவம்பரில் வீசிய புயல் பெரிதும் சிதைத்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சிறு கலங்கள் கடலில் இறங்கத் துணியா. எனவே, வரைபடத்தில் கடல் எத்துணை அருகில் இருப்பினும், வணிகனுக்கு அது தொலைவிலேயே இருந்தது. மணல்மேட்டுக்கு உட்புறமாக, அலையில்லாத நீரில் படகைச் செலுத்த வேண்டும் என்னும் எண்ணம் இவ்வாறு பிறந்ததேயாகும்.

சரக்கையும் அது வரும் வழியையும் இணைத்து நோக்குதல் தமிழர்க்குப் புதியதன்று. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களிற் குவிந்த பொருள்களைக் கூறுமிடத்து, குதிரை நீர்வழியாகவும் மிளகு மூட்டை நிலவழியாகவும் வந்தமையைப் பிரித்துக் காட்டுகிறது. உமணரின் உப்பு வண்டித் தொடரைச் சங்கச் செய்யுள்கள் பலவிடத்தும் கூறுகின்றன. சிறுபாணாற்றுப்படையில் அத்தொடரோடு ஒரு மந்தியும் பிள்ளைபோல் உடன்வருகிறது. அந்நூல் கூறும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணத்தை ஒட்டிய பகுதியே என அறிஞர் சிலர் கருதுவர். அக்கருத்துப் பொருந்துமாயின், பக்கிங்ஹாம் கால்வாயின் தென்கோடி பண்டைய நெய்தல் நிலத்துத் துறை ஒன்றன் அருகே முடிகிறது என்பது நோக்கத்தக்கது. உமணர் உப்பை நெல்லுக்கு மாற்றினர். உப்பின் விலை குறைவு, எடை மிகுதி. விலை குறைந்து எடை மிகுந்த பொருளுக்கு வழிச்செலவே விலையாகிவிடுகிறது. உள்நாட்டூர்களுக்கு வண்டியை விட்டால் உமணர்க்கு வேறு வழியில்லை. கடற்கரையை ஒட்டியே சென்னைக்குச் செல்லும் உப்புக்கோ பிற்காலத்தில் வேறு வழி பிறந்தது.

கால்வாயில் சென்ற சரக்குகளை நோக்கின் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். தெற்கிலிருந்து உப்பும், சவுக்கு விறகும், சுண்ணாம்புக்குரிய கிளிஞ்சலும் நகருக்கு வந்தன. இவற்றுள் எதுவும் அவசரமுடையதன்று. உப்பு ஒருநாள் பிந்தி வந்தால் அழுகாது. விறகு பிந்தி வந்தால் மேலும் காயும். நீரின் இயல்பும் இத்தகைய சரக்குக்கே துணைசெய்கிறது. மெல்லச் செல்லும் படகுக்கு நீர் காட்டும் தடை மிகச் சிறிது. வேகத்தை இருமடங்காக்கினால் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடும். எனவே கால்வாய் மலிவாக இருப்பது மெல்லச் செல்லும் வரையிலேதான். பல வண்டிகளும் அவற்றுக்குரிய எருதுகளும் இழுக்க வேண்டிய சுமையை, ஒரு படகில் ஏற்றிக் கரையிலிருந்து சிலர் கயிறு கட்டி இழுத்துச் சென்றனர். காற்று வாய்த்தவிடத்துப் பாய் விரித்தனர். ஆழம் குறைந்தவிடத்துக் கழி ஊன்றினர். பாரதிதாசன் சென்னையிலிருந்து இக்கால்வாய் வழியே மாமல்லபுரம் சென்றதை 'மாவலிபுரச் செலவு' என்னும் பாட்டாகப் பாடினார். படகிழுப்போரின் உழைப்பும் அதில் இடம்பெறுகிறது. கால்வாய்ச் சரக்கின் மலிவு நீரால் மட்டும் வந்ததன்று, அவர்தம் தோளாலும் வந்தது என்பதைப் பொருளியலார் மறத்தல் ஆகாது.

இனிக் கால்வாயின் வரலாற்றுக்கு வருவோம். 1801க்கும் 1806க்கும் இடையே சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பெற்ற பகுதி தனியார் முயற்சியாகும். அதில் முதலிட்ட பேசில் கொக்ரேன் பெயராலேயே அது நெடுங்காலம் வழங்கிற்று. பின்னர் அரசு அதனை ஏற்று வடக்கே நீட்டித்தது. அடையாற்றுக்குத் தெற்கேயும் தனியே ஒரு கால்வாய் வளர்ந்தது. ஆனால் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே, நகரின் நடுவில், நீர்வழி இல்லை. அவ்விடைவெளி எட்டுக் கிலோமீட்டர் அளவே. அவ்வெட்டுக் கிலோமீட்டர் செய்த தீங்கு பெரிது. தெற்கிலிருந்து திருவான்மியூரைக் கடந்து வந்த படகு அடையாற்றில் நின்றுவிடும். அங்குச் சரக்கை இறக்கி, வண்டியில் ஏற்றி, நகருக்குள் கொண்டுசென்று, வடக்கே போகவேண்டியதாயின் மீண்டும் ஒரு படகில் ஏற்றல் வேண்டும். ஒவ்வோர் ஏற்றத்துக்கும் கூலி. ஒவ்வோர் இறக்கத்திலும் சிந்தலும் களவும். நூறு கிலோமீட்டர் நீர்வழியில் மிச்சமான பணத்தை இரண்டு இறக்கங்கள் விழுங்கிவிடும். 1805 முதல் சென்னை மாகாணத்தில் உப்பு கும்பினியாரின் தனியுரிமையாக இருந்தமையால், மூட்டை கைமாறுமிடமெல்லாம் காவலும் நிறுவையும் தேவைப்பட்டிருக்கும் எனக் கருதுகின்றோம்.

அவ்விடைவெளி அடைபட்ட காலம் மிகத் துயரமானது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை அழித்த தாது வருடப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக இவ்விணைப்புக் கால்வாய் வெட்டப்பெற்றது. 1877 சனவரியில் ரிச்சர்டு டெம்பிள் விதித்த நிவாரணக் கூலி ஆடவர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவை ஒட்டிய காசுமே. அது உயிரைத் தாங்கப் போதாதென அப்பொழுதே மருத்துவ அதிகாரிகள் கண்டித்தனர். இதே காலத்தில் கடல்வழி வந்த தானியம் சென்னைக் கடற்கரையில் மலைபோற் குவிந்து கிடந்தது. உள்நாட்டுக்குச் சென்ற இருப்புப்பாதையால் அத்தனையையும் விரைந்து சுமக்க இயலவில்லை. விரைவு என்பது வேறு, கொள்ளளவு என்பது வேறு என்பதை இதனினும் கொடிய முறையில் எவரும் கற்றிருக்க முடியாது. கால்வாய் முடிவுற்றபின் 1878இல் அன்றைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் அதற்கு இடப்பெற்றது. வெட்டியோர் பெயர்களை அறிய வழியில்லை.

அதே 1878இல், இங்கிலாந்துப் பாராளுமன்றக் குழுவின் முன்னிலையில், கோதாவரி அணையைக் கட்டிய ஆர்தர் காட்டன் சான்றுரைத்தார். இந்தியாவுக்கு வேண்டுவன இருப்புப்பாதைகள் அல்ல, கப்பல் செல்லும் கால்வாய்களே என்பது அவர் நெடுநாட் கொள்கை. மைல் ஒன்றுக்கு ஒரு டன் சுமக்கும் செலவைக் கணக்கிட்டால் காட்டன் கூறியது சரியே. எனினும் வணிகன் மைலை வாங்குவதில்லை. தன் களத்திலிருந்து வாங்குவோன் கடை வரையிலான முழு வழியையும் வாங்குகிறான். நீர் அவன் வாயிலுக்கு வராதவிடத்து, இரு முனைகளிலும் வண்டிச் செலவு வந்து சேர்கிறது. காட்டன் இம்முனைகளைக் குறைவாக மதிப்பிட்டார் என்பது நம் கருத்து. கால்வாய்ப் பொறியாளருள் ஒருவரான ஏ. எஸ். ரசல் 1898இல் இக்கால்வாயின் வரலாற்றைத் தனி நூலாக எழுதினார். அடுத்த ஆண்டே, 1899இல், சென்னையிலிருந்து கூடூர் வழியாகப் பெசவாடா செல்லும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. வடபகுதியைப் பொறுத்தவரை, முன்னர்க் கூறிய ஒற்றைத் தொடர் ஓரளவு உண்மையே. நெடுந்தொலைவு செல்லும் நெல்லும் மிளகாயும் பாதையின் பக்கம் சாய்ந்தன.

தெற்கே நிகழ்ந்தது வேறு. திருவான்மியூர் வழியாகக் கோவளம், மரக்காணம் செல்லும் படகுகள் 20ஆம் நூற்றாண்டிலும் ஓடின. அங்கு எதிர்நின்றது மோட்டார் லாரி. 1932இல் அமைந்த மிட்செல், கிர்க்னஸ் குழுவும், 1939இல் இயற்றப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டமும் சாலைக்கும் இருப்புப்பாதைக்கும் இடையிலான போட்டியைப் பற்றியே பெரிதும் கவன்றன. படகுக்காரனுக்காகப் பேசுவார் இலர். லாரி படகினும் மலிவானதன்று. ஆயின் அது உப்பளத்து வரப்பிலேயே வந்து நிற்கும். மண்டி வாயிலில் இறக்கிவிட்டுப் போகும். இடையில் ஏற்றி இறக்கல் இல்லை. இணைப்புக் கால்வாய் இல்லாத காலத்தில் அடையாற்றங்கரையில் கால்வாய்க்கு இருந்த குறை எதுவோ, அக்குறையை முழுதும் நீக்கியதே லாரியின் வெற்றி.

இத்துடன் வேறு இரண்டும் சேர்ந்தன. ஒன்று, சரக்கே மறைந்தது. வீடு கட்டச் சிமெண்டு வந்தபின் கிளிஞ்சற் சுண்ணாம்புக்குத் தேவை குன்றியது; அடுப்புக்கு மண்ணெண்ணெயும் பின்னர் எரிவாயுவும் வந்தபின் நகருக்குச் சவுக்கு விறகு வேண்டியதில்லை. கால்வாயைத் தேடிவந்த பொருள்களே இல்லாதபோது அதனைத் தேர்வார் யார்? இதனை ஆய்வாளர் பெரும்பாலும் கருதுவதில்லை; வழிகளுக்கிடையே நடக்கும் போட்டியை மட்டுமே காண்கின்றனர்.

மற்றொன்று, பேணுதல். இக்கால்வாய் கடலின் ஏற்றவற்றத்தை நம்பியது. கோடையில் அடையாற்று முகத்துவாரத்தையும் கோவளக் கழிமுகத்தையும் மணல் அடைத்துக்கொள்ளும், நீர்மட்டம் தாழும். மழைக்காலத்து வெள்ளம் சேற்றைக் கொணர்ந்து கொட்டும். ஆண்டுதோறும் தூர் வாராத கால்வாய் சில ஆண்டுகளிலேயே வெறும் பள்ளமாகிவிடும். சாலையும் பழுதுறும், ஆனால் சாலையில் பேருந்தும் மாட்டு வண்டியும் நடப்போரும் செல்கின்றனர், குழி விழுந்தால் முறையிடுவோர் பலர். கால்வாய்க்கு முறையிடுவோர் படகுக்காரரும் உப்பு வணிகரும் ஆகிய சிலரே. 1965, 1966ஆம் ஆண்டுப் புயல்கள் கரைகளைச் சிதைத்தபின் அது முன்போற் செப்பனிடப்படவில்லை. புயல் காரணமன்று, புயலுக்குப்பின் கை நீளாமையே காரணம். 1881இல் துறைமுகத்தைச் சிதைத்த புயலும் புயலே. துறைமுகம் மீண்டும் கட்டப்பெற்றது.

ஏற்றி இறக்கும் செலவு என்னும் இந்நோய்க்கு உலக வாணிகம் கண்ட மருந்து சரக்குப் பெட்டகம். 1956 ஏப்ரலில் அமெரிக்க நாட்டு நெவார்க்கிலிருந்து 58 பெட்டகங்களோடு ஐடியல் எக்ஸ் என்னும் கப்பல் ஹியூஸ்டனுக்குப் புறப்பட்டது. மூட்டையைத் தொடாமல் பெட்டியையே கப்பலிலிருந்து வண்டிக்கு மாற்றும் முறை அதனால் நிலைபெற்றது. சென்னைத் துறைமுகத்தில் பெட்டக முனையம் 1983இல் அமைந்தது. இன்று உலக வாணிகத்தின் அளவில் ஐந்தில் நான்கு பங்கு கடல்வழியே செல்கிறது. வானூர்தி சுமப்பது எடையில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு, மதிப்பிலோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. உப்பு வணிகன் கண்ட கணக்கும் இதுவே: எடை மிகுந்தது மெல்லச் செல்லும், விலை மிகுந்தது விரைந்து செல்லும். திருவான்மியூருக்கு மேற்கே, 2000இல் திறக்கப்பெற்ற டைடல் பூங்கா அனுப்பும் பொருளுக்கோ எடையே இல்லை!

2008இல் நடுவணரசு இக்கால்வாயை உள்ளடக்கிய 1,078 கிலோமீட்டர் நீர்வழியை நான்காம் தேசிய நீர்வழியாக அறிவித்தது. அதற்கு முன்னரே பறக்கும் இரயில் கால்வாயின் மேலும் கரையிலுமாகத் தூண்களை ஊன்றி, 1997இல் மயிலாப்பூரையும் 2004இல் திருவான்மியூரையும் அடைந்துவிட்டது. நூறாண்டுகளுக்கு மேலாக இத்தென்கரைக்கு வாராதிருந்த இருப்புப்பாதை இறுதியில் வந்தது. ஆயின் அது சுமப்பது மக்களை, சரக்கையன்று. 1878இல் இணைக்கப்பெற்ற அவ்வெட்டுக் கிலோமீட்டரே இன்று மீண்டும் இடைவெளியாக நிற்கிறது. நீர்வழியை மீட்கக் கருதுவோர் முதலில் அளக்கவேண்டுவன இரண்டு: மயிலாப்பூர்ப் பகுதியில் தூண்களுக்கிடையே எஞ்சியுள்ள அகலம், தாழ்ந்த பாலங்களின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையிலுள்ள உயரம். ஒரு பெட்டகத்தின் உயரம் ஏறத்தாழ 2.6 மீட்டர்.