சான்பாடாக் கட்டடங்களும் தகவல் மாதிரியும்: பராமரிப்பு நோக்கில் ஒரு சரித்திர ஆய்வு

நவி மும்பையிலுள்ள சான்பாடாவின் கட்டடங்களைப் பற்றி ஆராயப் புகுவோர் முதற்கண் கவனிக்கவேண்டியது, அவற்றைக் கட்டியவர் ஒருவர், பராமரிப்பவர் வேறொருவர் என்னும் நிலைமையாகும். 1970-இல் தோன்றிய சிட்கோ ஸ்தாபனம் நவி மும்பையைத் திட்டமிட்டு நிர்மாணித்தது. 1992 ஜனவரியில் அந்நகரைப் பராமரிக்க மாநகராட்சி அமைந்தது. தனியார் பில்டர்கள் எழுப்பிய அடுக்ககங்களோ வீட்டுவசதிச் சங்கங்களான சொசைட்டிகளின் பொறுப்பில் வந்தன. கைமாறும் ஒவ்வொரு தடவையும் சாவிக்கொத்து தவறாமல் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கட்டடத்தைப் பற்றிய ஞானம் வழியிலேயே சிந்திப்போகிறது.

மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரி உபவிதிகள், 15 முதல் 30 ஆண்டு வயதான கட்டடத்துக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறையும், 30 ஆண்டைக் கடந்ததற்கு மூன்றாண்டுக்கு ஒருமுறையும் ஸ்ட்ரக்சுரல் ஆடிட் என்னும் கட்டமைப்புத் தணிக்கை செய்யவேண்டுமென விதிக்கின்றன. அதற்கென வரும் இன்ஜினீயர் முதலில் கேட்பது கம்பி விவரமடங்கிய வரைபடத்தை. கமிட்டிச் செயலாளர் அலமாரியைத் திறந்து எடுத்துத் தருவது, பெரும்பாலும், ஓ.சி. என்னும் குடியேற்றச் சான்றிதழின் நகலையும் அனுமதிக்காகச் சமர்ப்பித்த பழைய புளூபிரிண்ட்டையுமே. ஆகவே தூணுக்குள் கம்பி ஓடும் இடத்தை அவர் கருவி வைத்துத் தேடவேண்டியவராகிறார். எந்த வால்வை மூடினால் எந்த விங்குக்குத் தண்ணீர் நிற்கும் என்பதோ வழக்கமாக வரும் பிளம்பர் ஒருவருக்கே தெரியும். அவர் ஊருக்குப் போய்விட்டால் அதைச் சொல்ல ஆளில்லை.

இக்குறைக்குப் பரிகாரமாக இன்று பேசப்படும் கட்டடத் தகவல் மாதிரி, ‘பிம்’ எனச் சுருக்கமாக வழங்குவது, பராமரிப்போரை முன்னிட்டுப் பிறந்ததன்று. கட்டடத்தைக் கணினியில் ஒரே விவரத்தொகுதியாக வைத்துவிட்டால் ஓரிடத்தில் செய்த மாற்றம் எல்லா வரைபடங்களிலும் தானே பிரதிபலிக்கும் என்று சார்லஸ் ஈஸ்ட்மன் 1975-இல் எழுதினார். 1984-இல் புடாபெஸ்டில் வெளிவந்த ஆர்க்கிகேடும் 2000-இல் வந்த ரெவிட்டும் ஆகிய மென்பொருள்கள் முக்கியமாகக் கட்டடக்கலைஞரின் மேசைக்கே சேவை புரிந்தன. அமெரிக்கத் தர நிர்ணய ஸ்தாபனமான நிஸ்ட் 2004-இல் வெளியிட்ட ஆய்வுதான் கவனத்தைப் பராமரிப்பின்பால் திருப்பியது என்று கருதுகிறேன்: ஒருவர் மென்பொருளின் தகவலை மற்றவர் மென்பொருள் ஏற்காமையால் அந்நாட்டில் ஆண்டுதோறும் 1,580 கோடி டாலர் வீணாகிறது என்றும், அதில் 1,060 கோடி உரிமையாளரையும் பராமரிப்போரையும் சார்ந்தது என்றும் அது மதிப்பிட்டது.

1973-இல் திறக்கப்பட்ட சிட்னி ஆபரா மாளிகையின் பராமரிப்புக்கு இம்மாதிரியைப் பயன்படுத்தும் முறைகளை ஆராய்ந்த அறிக்கை 2007-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை ‘கோபி’ என்னும் அட்டவணை முறையை வகுத்தது. பம்ப், லிப்ட், தீயணைப்புக் கதவு ஆகிய ஒவ்வொன்றும் எங்கிருக்கிறது, தயாரித்தவர் யார், மாடல் எண் என்ன, பொருத்திய தேதி யாது, வாரண்டி எப்போது முடிகிறது, மாற்று உதிரிபாகம் எது என்பதெல்லாம் கிரமமாக அதில் பதிவாகின்றன. படத்தைவிட அட்டவணைக்கு முதன்மை தந்த அந்த எளிமையை நான் பெரிதும் மதிக்கிறேன். பயன்பாட்டுக் காலத்துக்கென்றே ஐ.எஸ்.ஓ. 19650 தரத்தின் மூன்றாம் பகுதி 2020-இல்தான் வந்தது.

நம் மகாராஷ்டிர மாநிலத்தில், 2019-இல் ஓடத் தொடங்கிய நாக்பூர் மெட்ரோ, காலத்தையும் செலவையும் மாதிரியோடு இணைத்த ‘5டி பிம்’ முறையைக் கையாண்டது. பழைய கட்டடத்துக்கு அத்தகைய மாதிரி வேண்டுமாயின் லேசர் கருவியால் அளந்து புதிதாக உருவாக்கவேண்டும். அது சாதாரண சொசைட்டியின் நிதிக்கு எட்டாத காரியம். ஆனால் கோபி போன்ற அட்டவணைக்குக் கணினியும் ஒழுங்குமே போதும். புதுக் கட்டடங்களைப் பொறுத்தமட்டில், ரேரா எனப்படும் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், உள்ளூர்ச் சட்டம் இல்லாவிடில் கட்டட நிறைவுச் சான்றிதழ் பெற்ற 30 நாட்களுக்குள் உரிய ஆவணங்களையும் பிளான்களையும் ஒப்படைக்கும் கடமையைப் பில்டருக்கு விதிக்கிறது. அவற்றை எவ்வடிவில் தரவேண்டுமென்று அப்பிரிவு கூறவில்லையாதலால், பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் மறுநிர்மாணத்துக்கு உடன்படும் சொசைட்டிகள், பம்ப் முதல் வால்வ் வரை விவரமடங்கிய அட்டவணையைத் தரவேண்டும் என்பதைத் தம் ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்தாக எழுதிக்கொள்ளவேண்டியிருக்கிறது.